பாலாற்றங்கரையில் பொய்ப்பூச்சி

கேள்வி இது: "வெளிநாட்டில் வேலை பார்த்தபோது ஃப்ளை தூண்டில், அதாவது இறகில் கட்டிய பொய்ப்பூச்சியை வீசி மீன் பிடிப்பது, கற்றுக்கொண்டேன். இப்போது காட்பாடியில் குடியேறியிருக்கிறேன். ஒன்பதடி நீளத்தில் ஐந்தாம் எண் கம்பும், ஒரு பெட்டி நிறைய இறகுப் பூச்சிகளும் கையில் இருக்கின்றன. பாலாற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால் மணலும் முட்செடியும்தான் தெரிகின்றன. வேலூர்ப் பக்கம் எங்கே போடலாம்? தேவையான சாமான்களை இணையத்தில் வாங்கலாமா, உள்ளூர்க் கடைகளில் கிடைக்குமா?"

இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதல் கேள்விக்கும் தெரிந்துவிடும். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஆறு.

பாலாற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். கர்நாடகத்தில் பிறந்து அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர், நம் பக்கம் 222 கிலோமீட்டர் ஓடி, வயலூர் அருகே கடலில் சேரும் ஆறு இது. 'ஓடி' என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் இது மணலுக்கு அடியில்தான் நடக்கிறது. என் பாட்டி ஆற்று மணலை ஒரு முழம் தோண்டி, ஊறி வரும் நீரைச் சொம்பால் மொண்டு குடம் நிரப்பியதைப் பார்த்திருக்கிறேன். அந்த மணலை லாரி லாரியாக அள்ளிவிட்டோம். மேலே தடுப்பணைகளும் உயர்ந்தன. 2016இல் வாணியம்பாடியை அடுத்த புல்லூரில் ஆந்திர அரசு உயர்த்தியது நினைவிருக்கும். 1892இல் சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட ஒப்பந்தத்திலேயே இந்த ஆறு இருக்கிறது என்றால், சண்டை எவ்வளவு பழையது பாருங்கள்.

ஆனால் இந்த ஆறு செத்துவிட்டது என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். 1903 நவம்பரில் இது வாணியம்பாடியை வாரிக்கொண்டு போனது. 2021 நவம்பரில் கரைபுரண்டு வந்தபோது, 'பாலாறா, அதெல்லாம் அந்தக் காலம்' என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் பாலத்தில் வரிசையாக நின்று வாய்பிளந்து பார்த்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகு பள்ளத்துக்குப் பள்ளம் மீன். எங்கிருந்து வந்தது? ஏரிகளிலிருந்து.

இங்கேதான் நீங்கள் வெளிநாட்டுப் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே ஆறு என்றால் ஆற்றுக்குள் இருக்கும் தண்ணீர். வடஆற்காட்டில் ஆற்றின் தண்ணீர் ஆற்றுக்குள் இருக்காது, ஏரியில் இருக்கும். வாலாஜா அருகே 1858இல் கட்டி முடித்த பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய்கள் பிரிந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி என்று ஏரிகளை நிரப்புகின்றன. காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது. மகேந்திரவாடியில் மகேந்திரவர்மன் குடைந்த கோயிலின் கல்வெட்டே அங்கிருக்கும் ஏரியைப் பேசுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இந்த ஊர் மக்கள் ஆற்றைப் பிடித்து ஏரியில் கட்டிவைத்திருக்கிறார்கள். ஏரி நிரம்பிக் 'கோடி போகும்போது', அதாவது மிஞ்சிய நீர் வழிந்து ஓடும்போது, மீன் மறுபடி வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் போகிறது. ஆக, எங்கள் ஊர் மீன் ஆற்று மீனா ஏரி மீனா என்று கேட்டால் அதற்கே தெரியாது.

நான் போகும் இடங்கள் மூன்று. பொன்னை ஆறு முதலாவது. சித்தூர்ப் பக்கமிருந்து வந்து, மேல்பாடி, திருவல்லம் வழியாகப் பாலாற்றில் சேர்கிறது. மழைக்காலத்தில் பாலாற்றுக்கு முன்னால் இதில்தான் தண்ணீர் தலைகாட்டும். பொன்னை அணைக்கட்டுக்குக் கீழே பாறையும் மணலும் கலந்த ஆழமில்லாத ஓட்டம் உண்டு. முழங்கால் தண்ணீரில் நின்று கம்பு வீசலாம். உங்கள் ஐந்தாம் எண் கம்புக்கு வேலூரைச் சுற்றி இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. பக்கத்திலேயே மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படை இருக்கிறது. மீன் கடிக்காத நாளில் நான் போய் உட்காரும் இடம் அது. நிறைய நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாவது, குடியாத்தம் பக்கம் கவுண்டன்ய நதி. மோர்தானா அணை நிரம்பி வழிந்தால் கீழே சில வாரங்கள் நல்ல ஓட்டம் இருக்கும். மூன்றாவது, காவேரிப்பாக்கம் ஏரியின் வாய்க்கால்கள். ஏரிக்குள் வேண்டாம், வாய்க்கால் போதும்; காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

போகக்கூடாத இடத்தையும் சொல்லிவிடுகிறேன். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் ஆலைக் கழிவு கலக்கும் பகுதிகளில் பிடித்த மீனை வாயில் வைக்காதீர்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு பற்றி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. அவ்வளவுதான் சொல்ல முடியும்; மேலே சொன்னால் இந்தப் பதில் வேறு பதிலாகிவிடும்.

இனி மீன். டிரவுட் இங்கே இல்லை. அதற்கு நீலகிரிக்குத்தான் போக வேண்டும். அவலாஞ்சியில் 1907இல் வில்சன் என்ற வெள்ளைக்காரர் குஞ்சுப் பொரிப்பகம் அமைத்து அங்கே வளர்த்தெடுத்த குளிர்நீர் மீன் அது. நம் வெந்நீரில் ஒரு மணி நேரம் தாங்காது. இங்கே உங்களுக்குக் கிடைப்பது கெண்டை, ஜிலேபி, கெளுத்தி, குரவை, விரால். உதட்டைச் சுளிக்காதீர்கள். விரலளவு தடிமனில் ஒரு கெண்டை நீர்மட்டத்தில் பூச்சியைப் பிடிக்கும் வேகத்தைப் பார்த்தால், இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு கோபமா என்று தோன்றும்.

பொய்ப்பூச்சி போடுபவனுக்கு எங்கள் ஊரில் ஒரு திருவிழா உண்டு: ஈசல். முதல் மழை பெய்து ஓய்ந்த மாலையில் புற்றுகளிலிருந்து புகைபோலக் கிளம்பும். நம் வீடுகளில் விளக்கை அணைத்துவிட்டு அலுத்துக்கொள்வோம். ஆற்றோரத்தில் நின்று பாருங்கள். சிறகு உதிர்ந்து தண்ணீரில் விழும் ஒவ்வொரு ஈசலுக்கும் ஒரு வாய் மேலே வரும். வெளிநாட்டில் மே பூச்சி பறக்கும் நாளுக்காகக் காத்திருப்பதாக எழுதுகிறார்களே, அதே கதைதான் இது. அந்த அரைமணி நேரம் மண்புழு வைத்துத் தூண்டில் போடுபவன் கரையில் சும்மா உட்கார்ந்திருப்பான், நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். பழுப்புச் சேவலின் கழுத்திறகை 14ஆம் எண் தூண்டில் முள்ளில் இரண்டு சுற்றுச் சுற்றி, மெழுகு தடவினால் போதும். மிதந்தால் சரி. உங்கள் பெட்டியில் இருக்கும் சீமைப் பூச்சிகளை எங்கள் கெண்டை மதிக்காது என்று சொல்ல வரவில்லை. மதிக்கும். ஈசல் நாளில் ஈசலைத்தான் முதலில் மதிக்கும்.

ஜிலேபிக்கு மிதக்கும் பூச்சி வேண்டாம். 1952இல் இந்தியாவுக்குள் விடப்பட்ட ஆப்பிரிக்க மீன் இது. இன்று நம் ஏரிகளில் சொந்தக்காரன் மாதிரி நடந்துகொள்கிறது. பாசி தின்னும், புழு தின்னும், மற்ற மீனின் முட்டையையும் தின்னும். ஒரு மணி கோத்து எடை கூட்டிய சின்னப் பூச்சியை அடியில் மெல்ல இழுங்கள். பிடித்ததைத் திரும்ப விடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வறுங்கள். விராலுக்கு உங்கள் ஐந்தாம் எண் கம்பு போதாது. எட்டாம் எண்ணாவது வேண்டும்; கம்பில் எண் கூடக் கூட வலு கூடும். தவளை மாதிரி துள்ளும் ஒன்றை ஆகாயத்தாமரை ஓரத்தில் இழுக்க வேண்டும். ஒரு விஷயத்தை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் கொப்பளிப்பதைப் பார்த்தால், கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன என்று பொருள். அங்கே போட்டால் கட்டாயம் அடிக்கும், பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. அதைப் பிடிப்பவனை நான் தூண்டில்காரனாகவே கணக்கில் வைப்பதில்லை. குஞ்சுகளைக் குரவை ஒரே நாளில் தின்று தீர்த்துவிடும்.

கம்பு வீசுவது பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வரி. சாதாரணத் தூண்டிலில் ஈயத்தின் எடை தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் பூச்சிக்கு எடையே இல்லை. கனமான நூல்தான் பறந்து போய்ப் பூச்சியை இறக்கிவைக்கிறது. அதனால் முன்னால் வீசும் அளவுக்கு முதுகுக்குப் பின்னாலும் இடம் வேண்டும். எங்கள் கரைகளில் பின்னால் இருப்பது சீமைக் கருவேலம். முதல் ஆறு மாதம் நான் பிடித்ததெல்லாம் கருவேல மரம்தான். பின்னால் பார்க்கும்போதே மேலேயும் பாருங்கள்: கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். வயலோரங்களில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகள் நிறைய உண்டு. இடி இடிக்கும்போது கம்பைக் கீழே வைத்துவிட்டு விலகிப் போங்கள்.

இடம் குறுகலாக இருந்தால் மூங்கிலுக்கு மாறிவிடுங்கள். இதைச் சொல்ல எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ஜப்பானில் டென்காரா என்று ஒரு முறை உண்டு: சுழல் உருளை கிடையாது, கம்பின் நுனியில் நேராக நூல், நூலின் நுனியில் பொய்ப்பூச்சி. இன்று உலகம் முழுக்க நல்ல விலைக்கு விற்கிறார்கள். அதில் பூச்சியை எடுத்துவிட்டு மண்புழுவைக் குத்தினால் என் தாத்தாவின் தூண்டில். திருவல்லம் பக்கத்து வாய்க்காலில் அவர் வைத்திருந்த மூங்கில் கம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, நாலு முழ நரம்பு. அந்தக் கம்பின் நுனியில் நான் இன்று ஈசல் பூச்சி கட்டிப் போடுகிறேன். கெண்டைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

மயிலிறகு என்றதும் இன்னொன்று. நீங்கள் வெளிநாட்டில் பார்த்த பூச்சிகளில் பாதியின் உடம்பில் மயில்தோகையின் இழை சுற்றியிருக்கும். சால்மன் மீனுக்காகக் கட்டிய பழைய பூச்சிகளின் கன்னத்தில் மெழுகு வைத்ததுபோல் பளபளக்கும் இறகைக் கவனித்திருப்பீர்கள். அது நம் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு. ஜவ்வாது மலையில் விடியற்காலையில் கூவும் அதே பறவை. இங்கிலாந்து சீமான்களின் பூச்சிப் பெட்டிக்காகத் தென்னிந்தியக் காடுகளிலிருந்து அந்த இறகு கப்பல் கப்பலாகப் போயிருக்கிறது. பிறகுதான் ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். இன்று அது சட்டப் பாதுகாப்பில் உள்ள பறவை. மலையில் யாராவது இறகு தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கறிக்கடையில் நாட்டுச் சேவலின் கழுத்தைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். உடம்பு சுற்ற ஆரணியில் தறி வைத்திருக்கும் வீடுகளில் மிஞ்சும் பட்டு நூலையும் சரிகைத் துண்டையும் வாங்கி வருகிறேன். சரிகை சுற்றிய பூச்சியைக் குரவை விடாது. கல்யாணப் புடவையைப் பார்த்தவள் மாதிரி வரும் என்று என் மனைவியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது கடைக்கு வருகிறேன்.

வேலூர் லாங் பஜார்ப் பக்கத்துச் சந்துகளில் 'தூண்டில் கடை' என்று பலகை தேடினால் கிடைக்காது. கயிறு, சாக்கு, தார்ப்பாய், கொசுவலை, சணல் விற்கும் கடைகளில் பின்பக்கத் தட்டில் இருக்கும் நம் சரக்கு. நான் போகும் கடை எட்டடி அகலம். வாசலில் வீச்சு வலை ஒன்று திருமண வீட்டுத் தோரணம்போலத் தொங்கும். உள்ளே பாய் உட்கார்ந்திருப்பார். அவருடைய வாப்பா உட்கார்ந்திருந்த அதே பலகை. முள்ளைக் காகிதப் பொட்டலத்தில் எண்ணித் தருவார். நார்வே நாட்டு மஸ்டாட் முள் ஒரு டப்பா தனியாக வைத்திருப்பார்; அதை யாருக்குக் கொடுப்பது என்பதை அவர்தான் முடிவு செய்வார். எனக்கு மூன்றாம் வருகையில் கொடுத்தார்.

முள் எண் பற்றி அவரிடம் கற்றதை இங்கே பதிந்துவிடுகிறேன்: எண் கூடக் கூட முள் சிறிதாகும். கெண்டைக்கு 12 முதல் 16 வரை, ஜிலேபிக்கு 8 அல்லது 10. ஒன்றாம் எண்ணைவிடப் பெரிய முள்ளுக்குப் போனால் பூஜ்யம் சேர்ந்துகொள்ளும். ஒன்றின்கீழ் பூஜ்யம், இரண்டின்கீழ் பூஜ்யம் என்று அங்கே எண் கூடினால் முள் பெரிதாகும். விரால் அந்தப் பக்கம். நரம்பை வாங்கும்போது பாய் ஒரு முழம் இழுத்து, உதட்டில் ஈரப்படுத்தி முடிச்சுப் போட்டு, சட்டென்று வெட்டி இழுத்துக் காட்டுவார். உலர்ந்த முடிச்சு இறுகும்போது சூடேறி நரம்பு பலவீனப்படும் என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம்.

ஃப்ளை நூல், மெல்லிய நுனி நரம்பு, பூச்சி கட்டும் இடுக்கி இவை அவரிடம் கிடையாது. அவற்றை இணையத்தில்தான் வாங்க வேண்டும். நானும் அப்படித்தான் வாங்குகிறேன். ஒருமுறை இணையத்தில் கம்பு வாங்கினேன். நுனித்துண்டு உடைந்து வந்தது. புகார் எழுதினேன், உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம் என்று பதில் வந்தது. நாலு தடவை வந்தது. கடைசியில் உடைந்த நுனியைப் பாயிடம் கொண்டுபோனேன். அவர் பழைய குடைக்கம்பியிலிருந்து சின்ன வளையம் ஒன்றை வளைத்து, நூல் சுற்றி, பசை தடவி, நாளை வாருங்கள் என்றார். நாலு விரற்கடை குட்டையாகிவிட்ட அந்தக் கம்பு இன்னும் வேலை செய்கிறது. கூலி வாங்கிக்கொள்ளவில்லை, அடுத்த முறை கெளுத்தி கொண்டுவரச் சொன்னார்.

ஆனால் நான் அந்தக் கடைக்குப் போவது முள்ளுக்காகவும் அல்ல, கூலி மிச்சத்துக்காகவும் அல்ல. நம் ஊரில் ஆறு எந்த நாள் ஆறாக இருக்கும் என்று எந்த வரைபடமும் சொல்லாது. பொன்னையில் தண்ணீர் வந்துவிட்டதா, மோர்தானா வழிகிறதா, எந்த ஏரி கோடி போகிறது, எந்த வாய்க்காலில் நேற்று வலை போட்டார்கள் என்பதெல்லாம் அந்த எட்டடிக் கடையில் வந்து சேரும். குடியாத்தத்திலிருந்து வலை வாங்க வருபவர் தண்ணீர் நிலவரத்தைச் சொல்லாமல் விலை பேசமாட்டார். வலைக்கண் எந்த அளவில் விற்கிறது என்பதை வைத்தே எந்த மீன் ஓடுகிறது என்று பாய் சொல்வார். சென்ற ஆண்டு சின்னக் கண் வலை இரண்டு நாளில் தீர்ந்துபோனது. மூன்றாம் நாள் பொன்னையில் கெண்டை ஏறுகிறது என்று நான் கம்பை எடுத்தேன். கெண்டை ஏறத்தான் செய்தது. நீங்கள் முள்ளையும் இணையத்தில் வாங்கினால் பத்து ரூபாய் மிச்சமாகும். அந்தச் செய்தி உங்களுக்கு வராது. அப்படி எல்லோரும் வாங்கிக்கொண்டிருந்தால் அந்தச் செய்தி யாருக்கும் வராது. அதே சந்தில் நான் பையனாக இருந்தபோது இதுபோல மூன்று கடைகள். இன்று ஒன்றில் கைப்பேசி உறை விற்கிறார்கள்.

ஏரிக்குள் வேண்டாம் என்றேனே, அதற்குக் காரணம் மீன்பாசிக் குத்தகை. ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை ஏலத்தில் போகும். குஞ்சு வாங்கி விட்டவர் அவர், மீனும் அவருடையது. கரையில் காவல் குடிசை இருந்தால் முதலில் அங்கே போய் "அண்ணே, ஒரு கம்பு போட்டுக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள்; உங்கள் கம்பைப் பார்த்தால் அவர்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கேட்காமல் போட்டால் வேறு மாதிரி ஆகும். ஜவ்வாது மலை ஓடைகள் பெரும்பாலும் காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் தூண்டிலோடு நுழையாதீர்கள். தோட்டா போட்டோ மருந்து கலந்தோ மீன் பிடிப்பவர்களைப் பார்த்தால் விலகி வந்து தகவல் கொடுங்கள். 1897ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அது குற்றம்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: ஆற்றில் இறங்கும்போது கையில் ஒரு கோல் வைத்துத் தரையைத் தட்டிப் பார்த்தபடி நடங்கள். மணல் அள்ளிய குழிகள் மேலே கணுக்கால் தண்ணீர் மாதிரி தெரியும். அடுத்த அடியில் ஆள் மூழ்கும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் இதில் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம். மேலே கறுத்திருந்தால் ஆற்றுக்குள் நிற்க வேண்டாம். மழை சித்தூரில் பெய்யும், தண்ணீர் இங்கே வரும்.

நீங்கள் எப்போது வந்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. புரட்டாசிக்கு முன் வந்திருந்தால் இப்போது பூச்சி கட்டிக்கொண்டிருங்கள். ஈசலில் ஒரு பத்து, மணி கோத்ததில் ஒரு பத்து. முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறடால் அமுக்கிவிடுங்கள். சின்ன மீனைத் திரும்ப விடுவதற்கும் நம் காதிலிருந்து கழற்றுவதற்கும் எளிது. கடைக்கு வெள்ளிக்கிழமை போவதாக இருந்தால் தொழுகை முடிந்து மூன்று மணிக்கு மேல் போங்கள். 12ஆம் எண் முள்ளில் பத்து மட்டும் கேளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மஸ்டாட் டப்பாவைப் பற்றி முதல் நாளே கேட்காதீர்கள். தண்ணீர் எங்கே இருக்கிறது என்றும் கேட்க வேண்டாம். பொட்டலம் மடிக்கும்போது அவரே சொல்லுவார்.